உன் பெயரில் ஒரு வண்டி

அன்புள்ள மகளுக்கு,

வண்டி விஷயம் போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை. எழுதி அனுப்பினால் நீ ஆறுதலாக இருந்து படிக்கலாம், தேவைப்பட்டால் திரும்பவும் எடுத்துப் பார்க்கலாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் திருகோணமலைப் பக்கம், குச்சவெளிப் பாடசாலைக்கு இடமாற்றம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அட்டன் குளிரில் போர்டிங் அறையில் கிடந்த பிள்ளை இனி வீட்டுச் சோறு சாப்பிட்டு வேலைக்குப் போகப் போகிறாள். தனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று நீ கேட்பதும் நியாயம்தான். நம் உப்புவெளி வீட்டிலிருந்து குச்சவெளிக்கு ஒரு பக்கம் கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர் வரும். பஸ்ஸை நம்பி ஏழரைக்கு முன் கையெழுத்து வைப்பது கஷ்டம். ஆனால் புது ஸ்கூட்டரை லீசிங்கில் எடுக்கிற யோசனையை மட்டும் விட்டுவிடு பிள்ளை.

லீசிங்கில் எடுத்தால் பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர்தான் இருக்கும். ஓட்டுவது நீ, காசு கட்டுவது நீ. கடைசித் தவணை கட்டி, அவர்கள் விடுவிப்புக் கடிதம் தரும் வரைக்கும் வண்டி உன்னுடையது இல்லை. இடமாற்றம் வந்தவர்களுக்குப் புது இடத்தில் சம்பளம் ஓடத் தொடங்க ஒன்றிரண்டு மாதம் இழுபடுவதும் உண்டு. அந்த மாதம் தவணைக்கு என்ன செய்வாய்? எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு பிள்ளையின் வண்டியைத் தவணை பிந்தியதற்காக வாசலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் நின்று பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதல் வண்டி பழசாக இருந்தாலும் பரவாயில்லை, அது உன் பெயரில் இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

காசுக் கணக்கைப் பார்ப்போம். உன்னிடம் இரண்டு லட்சம் இருக்கிறது, என் சீட்டில் ஒன்றரை வருகிறது. மூன்றரை லட்சத்தில் வண்டிக்கு மூன்றுக்கு மேல் போக வேண்டாம். மிச்சம் ஐம்பதாயிரத்தை வாங்கிய கையோடு ரயர், பெல்ற், பற்றரி, இன்ஸூரன்ஸ், பெயர் மாற்றம் என்று வண்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும். இருக்கிற காசு முழுவதையும் விற்கிறவர் கையில் கொடுத்துவிட்டு, தேய்ந்த ரயரோடு ரோட்டுக்கு இறங்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நகை அடைவு வைக்கிற பேச்சே வேண்டாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிக்கு வாய்க்கு வந்ததுதான் விலை. அந்த விலையையே இப்போதும் சொல்லிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புதுசு வரத் தொடங்கிய பிறகு பேரம் பேச இடம் இருக்கிறது, கேட்டவுடன் தலையாட்டி விடாதே.

உன் சிநேகிதி சொன்னது சரி, கியர் உள்ள 100 சீசி மோட்டார் சைக்கிள் பெற்றோல் குறைவாகக் குடிக்கும். போய் வர 60 கிலோமீற்றர். லீற்றருக்கு 60 ஓடுகிற மோட்டார் சைக்கிள் என்றால் நாளைக்கு ஒரு லீற்றர், 40 ஓடுகிற ஸ்கூட்டர் என்றால் ஒன்றரை. மாதத்தில் 20 பாடசாலை நாள் வைத்தால் பத்து லீற்றர் வித்தியாசம். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டாலும் 3,000 ரூபாய். அது சின்னக் காசு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஸ்கூட்டரையே எடு. சேலையோடு கியர் வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியாது. கொப்பிக் கட்டைக் காலடியில் வைக்கலாம், மழை அங்கியை சீற்றுக்கு அடியில் வைக்கலாம். இன்னொன்று, நீ ஓட்டிப் பழகியதும் ஸ்கூட்டியில்தான்.

என் ஸ்கூட்டி பெப்பைத் தந்துவிடலாமே என்று அப்பா கேட்டார். அது 90 சீசிக்கும் குறைவு. நான் கிளினிக்குக்கும் தாய்மார் வீடுகளுக்கும் அதில்தான் போகிறேன், அந்த ஓட்டத்துக்கு அது நல்ல வண்டி. நாளுக்கு 60 கிலோமீற்றர் விரட்டினால் தாங்காது. ஹொண்டா டியோ மாதிரி 110 சீசி பார், முன் சில்லு 12 அங்குலமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. சின்னச் சில்லு ரோட்டுக் குழியில் விழுந்தால் கை முழுக்க உதறும். 100 சீசிக்கு மேல் என்பதால் லைசன்ஸில் ஏ வகுப்பு இருக்க வேண்டும், ஏ1 மட்டும் இருந்தால் காணாது. உன்னுடையதை இன்றைக்கே எடுத்துப் பார்.

பெற்றோல் கணக்கை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் 2022 இல் வந்த பெற்றோல் தட்டுப்பாடு. சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற ஊரில், நாங்கள் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் நின்றோம். 2021 கடைசியில் 177 ரூபாய் விற்ற ஒக்டேன் 92, அடுத்த வருடம் ஜூன் கடைசியில் 470 ரூபாய். பிறகு கியூஆர் கோட் காட்டினால் அளவாகப் பெற்றோல் தருகிற முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றர்தான். உன் ஓட்டத்துக்கு அது மூன்று நாளைக்கே காணாது. அப்படி ஒரு காலம் திரும்ப வரவேண்டாம் என்றுதான் கும்பிடுகிறேன். இருந்தாலும் தாங்கி பாதிக்கு இறங்கியவுடன் டவுனிலேயே நிரப்பிவிடுகிற பழக்கத்தை வைத்துக்கொள்.

இனி வண்டி பார்க்கப் போகும்போது. முதல் வேலை, எஞ்சினுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார். சூடாக இருந்தால், நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்ரார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். "ஆறின பிறகு வருகிறோம் அண்ணை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வா. குளிரில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறிய பிறகும் நீலமாகப் புகை வந்தால் எஞ்சின் ஒயிலைக் குடிக்கிறது, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நடு ஸ்ரான்டில் நிறுத்தி, பின்பக்கத்தை அமத்தி முன் சில்லைத் தூக்கி, ஹான்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார். நடுவில் ஒரு இடத்தில் கொளுவி நின்றால் உள்ளே பெயாரிங் தேய்ந்துவிட்டது. அது மாற்றலாம், அந்தக் காசை விலையில் குறைக்கச் சொல்.

எங்கள் கரையோர வண்டிகளுக்கு மேலே மினுக்கம், கீழே உப்பு. பெயின்றைப் பார்த்து மயங்காதே. கால் வைக்கிற இடத்தின் ரப்பர் விரிப்பைத் தூக்கி, கீழே குனிந்து அந்தத் தகட்டைத் தாங்குகிற குழாய்களைப் பார். துரு மேலோடு நிற்கிறதா, நகத்தால் சுரண்டினால் தட்டுத் தட்டாக உரிகிறதா என்று பார்க்க வேண்டும். சைலன்சரின் அடிப்பக்கத்தையும் அப்படியே. பற்றரி மூடியைக் கழற்றினால் முனைகளில் பச்சை பூத்திருக்கும். அது மட்டும் என்றால் பயமில்லை, துடைத்துவிடலாம். கரையை விட்டு உள்ளே தள்ளி, கந்தளாய், தம்பலகாமம் பக்கம் ஓடிய வண்டி கிடைத்தால், பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பக்கத்து வண்டி வெள்ளத்தில் நின்றதாகவும் இருக்கலாம். முன் லைற் கண்ணாடிக்குள் ஈரம் படிந்திருந்தால், சீற்றுக்கு அடியில் மூலைகளில் காய்ந்த சேறு இருந்தால், பேசாமல் திரும்பு.

ஸ்கூட்டரில் வெளியில் செயின் இல்லை, உள்ளே பெல்ற்தான். 20,000 கிலோமீற்றரைத் தாண்டிய வண்டி என்றால் பெல்ற் எப்போது மாற்றினது என்று கேள். அது அறுந்தால் எஞ்சின் ஓடும், சில்லு சுற்றாது. கும்புறுப்பிட்டிக்கும் குச்சவெளிக்கும் நடுவில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டிவரும். மீற்றர் சொல்கிற கணக்கை அப்படியே நம்பாதே. மீற்றரில் 15,000 காட்டுகிற வண்டியில் ஹான்டில் ரப்பரும் பிறேக் பிடியும் வழுவழு என்று தேய்ந்திருந்தால், எது பொய் சொல்கிறது என்று உனக்கே தெரியும்.

கடதாசி விஷயத்தில் யார் முகத்தையும் பார்க்காதே. பதிவுச் சான்றிதழில் இருக்கிற பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓப்பன் பேப்பர் என்று சொல்லி, யாரோ எப்போதோ கையெழுத்து வைத்த வெறும் படிவத்தோடு நாலு கை மாறி வந்த வண்டிகள் நிறைய இருக்கின்றன. விலை குறைவாகத்தான் இருக்கும். அந்த முதல் ஆள் வெளிநாட்டில் இருப்பார், அல்லது செத்தே போயிருப்பார். நாளைக்கு ஒரு கையெழுத்துக்கு யாரைத் தேடுவாய்? சேசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பதிவுச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு, துரு மூடியிருந்தால் துணியால் துடைத்துப் பார். முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனிப் பெயர் இருந்தால், விடுவிப்பு முடிந்த பிறகுதான் காசு. விற்கிறவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எம்.ரி.ஏ. 6 படிவத்தில் உன் முன்னால் கையெழுத்து வைக்கட்டும். எம்.ரி.ஏ. 8 ஐ நீ நிரப்பி, வாங்கிய கையோடு பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடு. "பிறகு மாற்றலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதே. இன்ஸூரன்ஸும் புகைப் பரிசோதனைப் பத்திரமும் இருந்தால்தான் பிரதேச செயலகத்தில் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் தருவார்கள். பழைய வருடங்களின் பாக்கி கிடக்கிறதா என்றும் கேட்டுக்கொள், அது உன் தலையில் விழக்கூடாது.

ரோட்டைப் பற்றி. தை மாதம் நீ தொடங்கும்போது மாரி மழை முழுதாக விட்டிருக்காது. முதல் இரண்டு கிழமையும் ஐந்தே முக்காலுக்குப் புறப்படு. பாடசாலை வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்களே என்ற அவசரம்தான் பிள்ளைகளை விழுத்துகிறது. விடியப் புறத்தில் மாடுகள் தார் ரோட்டில் சூடு காய்ந்து படுத்திருக்கும், கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும் வரை தெரியாது. டவுனுக்குள் போனால் மான்கள். ஒன்று ரோட்டைக் கடந்தால் பின்னால் இன்னும் வரும் என்று நினைத்து நின்றுவிடு. சித்திரைக்குப் பிறகு நிலாவெளியில் புறாமலை பார்க்க வருகிற வெள்ளைக்காரர் வாடகை ஸ்கூட்டரில் திடீரென்று திரும்புவார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், போகும்போது இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று இடப்பக்கத்திலிருந்து தள்ளும். ஹான்டிலை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டாதே, வேகத்தைக் குறை, உடம்பைத் தளர்த்தி இரு. ரோட்டோரத்தில் மணல் ஏறியிருக்கிற இடத்தில் முன் பிறேக்கை மட்டும் பிடித்தால் சில்லு வழுக்கும், இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடி.

சேலையைப் பற்றி நான் எத்தனை சொன்னாலும் காணாது. முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி ஊசி குத்தாமல் வண்டியில் ஏறாதே. முடியுமென்றால் சுரிதாரில் போய்ப் பாடசாலையில் மாற்று, தூர இடத்து ரீச்சர்மார் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பின்னால் யாரையாவது ஏற்றினால் அவருடைய சேலையையும் நீதான் பார்க்க வேண்டும், பின் சில்லுக்குள் போனால் இரண்டு பேரும்தான் விழுவீர்கள்.

ஹெல்மெட் எஸ்.எல்.எஸ். தர முத்திரை உள்ளதாக இரண்டு வாங்கு, அதில் மட்டும் விலை பார்க்காதே. கொண்டை போட்டு அதற்கு மேல் ஹெல்மெட் வைத்தால் அது முன்னுக்குத் தள்ளி நிற்கும், பட்டியும் நாடியில் இறுகாது. விழுந்தால் முதலில் கழன்று போவது அதுதான். தாழ்வாகப் பின்னிவிட்டுப் போட்டு, இரண்டு விரல் மட்டும் நுழைகிற அளவுக்குப் பட்டியை இறுக்கு. ஆஸ்பத்திரி வாட்டில் நான் பார்த்த பிள்ளைகளின் முகங்களை உனக்கு எழுத மாட்டேன். இதை மட்டும் எனக்காகச் செய்.

வாங்கிய பிறகு மாதம் 1,200 கிலோமீற்றர் ஓடப்போகிற வண்டி இது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்று. வெள்ளிக்கிழமை வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடு, உப்பு நிற்கக்கூடாது.

இப்போதைக்கு இரண்டு வண்டி சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்று நம் டவுனில் அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட, மற்றது கந்தளாயில் ஒரு ரீச்சருடையது, முதல் உரிமையாளர் அவர்தான். நீ லீவுக்கு வந்த முதல் சனிக்கிழமை அப்பாவும் கராஜ் பாஸும் நானும் வருகிறோம், கந்தளாய் வண்டியை முதலில் பார்ப்போம். ஓட்டிப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது நீ, நாங்கள் பக்கத்தில் நிற்போம். சரிவந்தால் பத்திரகாளி அம்மன் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துகொண்டு வீட்டுக்கு வரலாம். அடையாள அட்டையும் லைசன்ஸும் மூலப்பிரதியாகவே கொண்டு வா, போட்டோக் கொப்பி காணாது. அட்டனில் வாங்கிய அந்தத் தடித்த மழை அங்கியையும் யாருக்கும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா