கூண்டைச் சுமந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

மூன்று இரவுகளும் முடிந்து மண்டபத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆண்களோடு உறவு கொண்டதற்காகச் சிறை சென்ற அயர்லாந்து எழுத்தாளர் ஒஸ்கார் வைல்டின் வழக்கை, அவர் தண்டிக்கப்பட்ட இதே லண்டனில், தமிழில் மேடையேற்ற உதவிய உங்களுக்கு நன்றி சொல்ல இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மடலில் யாருடைய பெயரும் இல்லை. நான்கு பேர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நால்வரை மட்டும் விட்டால், அவர்கள் யாரென்று நம் சனம் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடும். அதனால் எல்லோருடைய பெயரையும் விட்டுவிட்டேன். 1895 ஏப்ரலில் வைல்ட் கைதானதும், ஓடிக்கொண்டிருந்த அவருடைய நாடகங்களின் விளம்பரங்களிலிருந்து அவர் பெயரை மட்டும் எடுத்தார்கள். அதை மேடையில் காட்டிவிட்டு நானும் பெயர்களை மறைப்பது உறுத்தத்தான் செய்கிறது.

அகதி வழக்குகளில் நெடுங்காலம் உரைபெயர்ப்பாளராக இருந்த ஐயாவுக்குத்தான் முதல் நன்றி. முதல் ஒத்திகையில் எங்கள் வக்கீல்கள் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஐயா பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு, "சத்தம் போடுகிற வக்கீலுக்கு யாரும் பயப்படுவதில்லை தம்பி. காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்பவனுக்குத்தான் கை நடுங்கும்" என்றார். வைல்டைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீல் எட்வர்ட் கார்சனாக நடித்தவர் அன்றே குரலை இறக்கிவிட்டார். கார்சன் வைல்டோடு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். எடுத்த எடுப்பில் வயதைப் பிடிக்கிறார். 39 என்று சொன்ன வைல்ட் 1854 அக்டோபரில் பிறந்தவர், நாற்பது ஆகிவிட்டது. எங்களுக்கு அது ஒரு சிரிப்புக் காட்சி. ஐயா சிரிக்கவில்லை. "ஒரு வருடம் பிசகினால் போதும், பிறகு சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு நடந்திருக்கிறது" என்றார். காட்சியை மாற்றினோம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை அக்காவிடம் நான் கேட்டது கொஞ்சம் அநியாயமான உதவி. வைல்டின் காதலனுடைய தகப்பனான குவீன்ஸ்பெரி பிரபு, வைல்டுக்காக அல்பமார்ல் சங்கத்தில் விட்டுச்சென்ற அட்டையில் வசைச்சொல்லை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார். வழக்கே அந்த அட்டையில்தான் தொடங்குகிறது. அவதூறு என்று முதலில் நீதிமன்றம் போனவர் வைல்ட்தான்; அந்த வழக்கு சரிந்த பிறகுதான் அவரே கைதானார். அந்தப் பிழையைத் தமிழில் எப்படிக் காட்டுவது? வாழ்நாளெல்லாம் பிழை திருத்திய அக்கா மூன்று நாள் யோசித்து, 'ஆண்புணர்ச்சிக்காரன்' என்பதில் ணகரத்தை னகரமாக்கித் தந்தார். எழுதும்போது கை வரவில்லையாம். திரையில் அது விழுந்ததும் சபையில் எழுந்த முணுமுணுப்பில் பாதி இலக்கணக் கோபம்.

வைல்டாக நடிக்கவிருந்தவர் பன்னிரண்டு நாள் இருக்கும்போது விலகினார். வீட்டில் பிரச்சினை, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. இரவுப் பணி பஸ் ஓட்டும் தம்பி அந்த வேடத்தை ஏற்று, கடைசி நிறுத்தத்தில் வண்டி நிற்கும் நிமிடங்களில் வசனம் பாடமாக்கினார். ஒரு வேலைக்காரப் பையனைப் பற்றி, அவனை முத்தமிட்டீரா என்று கார்சன் கேட்கும் இடம் நினைவிருக்கிறதா? "ஐயையோ, இல்லை. அழகே இல்லாத பையன்." முதலிரவு சபை சிரித்தது. தம்பியும் கூடவே அரைச் சிரிப்புச் சிரித்து, அழகாயிருந்தால் முத்தமிட்டிருப்பேன் என்றல்லவா ஆகிவிட்டது என்று உறைக்க, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார். நான் சொல்லிக்கொடுத்தது அல்ல. மேடையில் ஒருவர் தோற்பதை அவ்வளவு கிட்ட நான் பார்த்ததில்லை.

வெள்ளைக் கம்பளி நூலைப் பென்சிலில் சுற்றிச் சுருட்டி ஏழு வக்கீல் தொப்பிமுடி செய்த அன்ரிக்கும், விஷயம் தெரிந்ததும் ஒரு மண்டபம் கைவிட்டபோது இன்னொன்றைப் பிடித்துத் தந்தவருக்கும், ரோல்ஸும் தேநீரும் தந்த வீட்டாருக்கும் நன்றி.

சட்டம் படிக்கும் பிள்ளைக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வைல்டுக்கு இரண்டு வருடக் கடூழியம் வாங்கித் தந்த 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் உள்ள அதே 'கடும் அநாகரிகம்' என்ற குற்றம், இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவில் இருக்கிறது என்று காட்டியது அவர்தான். அங்கே 1995இல் அதைப் பெண்களுக்கும் விரித்தார்கள். வைல்ட் தண்டிக்கப்பட்டுச் சரியாக நூறு வருடம்! இதைத் துண்டுப்பிரசுரத்தில் அச்சிட்டோம். இடைவேளையில் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "இப்பவுமா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி போய் உட்கார்ந்தார்.

கடைசியாக, குற்றவாளிக் கூண்டைச் செய்து, அதை மூன்று தடவை மாடிப்படியில் ஏற்றி இறக்கிய இரு சகோதரர்களுக்கு நன்றி. கூண்டு இப்போது என் கராஜில் நிற்கிறது. பிள்ளைகளின் சைக்கிள்கள் வெளியே மழையில் நனைகின்றன. வேறு குழு யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துச் செல்லுங்கள். எட்டுத் திருகாணிகளைக் கழற்றினால் காருக்குள் ஏறிவிடும்.

அன்புடன்,
நெறியாளர்