கோட்டையில் மானைக் காப்பாற்றிய அண்ணாவுக்கு

போன ஞாயிறு எங்கட பிள்ளைகள் திருகோணமலை கோணேசர் கோயில் பாதையில் சொப்பிங் பேக் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாதை போகும் பிரட்றிக் கோட்டைக்குள் ஒரு ஆண் புள்ளிமான், கொம்பில் நைலோன் வலை சிக்கித் தவித்தது. பிள்ளைகள் பிடிக்க ஓடினார்கள்.

“கலைக்காதேங்கோ, பயத்திலயே செத்துப்போகும்” என்று மறித்தவர் நீங்கள்தான், அண்ணா. விரட்டிப் பிடித்தால் மானின் தசை சிதைந்து, பிறகும் உயிர் போகலாமாம். எங்களுக்கு அது தெரியாது. எல்லாரையும் இருத்தி, சத்தமில்லாமல் காக்க வைத்தீர்கள். மதிலோரம் அது ஒதுங்கியதும் கண்ணை உங்கட சாறத்தால் மூடினீர்கள். உடனே அடங்கிவிட்டது! இரண்டு பெடியள் கொம்பைப் பிடிக்க, வலையை வெட்டிவிட்டீர்கள்.

பெயர் கேட்க முதல் போய்விட்டீர்கள். மனமார்ந்த நன்றி அண்ணா. சாறத்தைத் தோய்த்து வைத்திருக்கிறோம், வரும் ஞாயிறும் அங்கேதான் நிற்போம்.