டிஎச்டியைத் தாண்டி ஒரு ஆய்வு: பவர் எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியர்களுக்கு

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு,

கோவைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் மோட்டார் டிரைவ்களை, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளை, பழுது பார்ப்பது என் பிழைப்பு. வேலை கேட்டு வரும் உங்கள் மாணவர்கள் கையோடு ஆய்வேட்டையும் கொண்டு வருவார்கள். ஆர்வமாகத்தான் புரட்டுவேன். சுவிட்சுகளைக் குறைத்த இன்னொரு மல்டிலெவல் இன்வெர்ட்டர் (டிசியைப் பல படிகளில் ஏசியாக்கும் சர்க்யூட்), ஒரு சிமுலேஷன், கடைசியில் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைந்த டிஎச்டி, அதாவது அலைவடிவம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற அளவு. லோடு? ஒரு ரெசிஸ்டர், ஒரு இண்டக்டர்.

டிஎச்டி கூடிப்போனதால் இன்வெர்ட்டர் செத்ததாக எங்களுக்கு ஒரு கேஸும் வந்ததில்லை. டிரைவுக்குள் ஏசியை டிசியாக்கி வைக்கும் டிசி பஸ்ஸில் 560 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்கி நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு, சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு அடைத்திருக்கும் பேனலில் அது எத்தனை வருடம் ஓடும் என்று எந்த ஆய்வேடும் சொல்வதில்லை.

அப்புறம் கேபிள். டிரைவ் பேனல் அறையில் இருக்கும், மோட்டார் ஷெட்டின் மறுகோடியில். டிரைவுக்குள் சுவிட்சாக வேலை செய்யும் ஐஜிபிடி மைக்ரோசெகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஆன் ஆகிறது. அந்தப் பல்ஸ் நீண்ட கேபிளின் முனையில் மோதித் திரும்பும்போது மோட்டார் டெர்மினலில் வோல்டேஜ் ஏறத்தாழ இரண்டு மடங்காகி ஆயிரத்தைத் தாண்டும். ரீவைண்டிங் செய்த பழைய மோட்டார் செத்துப்போக அது போதும். மூன்று ஃபேஸுக்கும் பொதுவாக எர்த்தைப் பார்த்து நிற்கும் காமன் மோட் வோல்டேஜ் ஷாஃப்ட் வழியாக இறங்கி பேரிங்கில் வரிவரியாகப் பள்ளம் போடும். திட்டு வாங்குவது பேரிங் கம்பெனி. இதைவிட வேகமான சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் சுவிட்சுகள் டிரைவ்களுக்குள் வந்தால் இந்தத் தொல்லை இன்னும் ஏறும். ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் எது?

ஈபி லைனில் வோல்டேஜ் கொஞ்ச நேரம் இறங்கி ஒரு சின்ன டிப் வந்தாலும் போதும், அண்டர்வோல்டேஜில் டிரைவ் டிரிப் ஆகும், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் நிற்கும். திரும்ப ஓட்டும்போது அறுந்த இழைகளைப் பிணைத்தே பெண்கள் அலுத்துப்போவார்கள். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரையே ஜெனரேட்டராக்கி பஸ்ஸைத் தாங்கும் வசதி சில டிரைவ்களில் உண்டு. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் வரிசையாக டிரைவ்கள் இருந்தால் டிப் முடிந்ததும் அத்தனையும் ஒரே சமயம் கரண்டை இழுக்கும். அதோடு 50 ஹெர்ட்ஸின் மடங்குகளாக அவை கிளப்பும் 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸ் பவர் ஃபேக்டர் கெபாசிட்டர் பேங்க்கோடு ரெசனன்ஸ் ஆகிவிட்டால்? ஒரு முனைவர் பட்டத்துக்கு இது போதாதா?

ஐஜிபிடியைத் தந்த ஜெயந்த் பாலிகா சென்னையில் பிறந்து ஐஐடி மெட்ராஸில் படித்தவர் என்று மேடைதோறும் பெருமைப்படுகிறோம், சரி. ஜிஇ நிறுவனத்தில் அவருக்கு அந்த யோசனை பிறந்ததே மோட்டார் டிரைவ் செய்கிறவர்களின் தேவையிலிருந்துதான்.

ஜர்னலுக்குப் புதுமை வேண்டும், ஹார்டுவேருக்குப் பணம் வேண்டும், தெரியும். மில்காரர்களும் ஷிப்ட் கெடுமோ என்ற பயத்தில் லேசில் உள்ளே விடமாட்டார்கள். இருந்தாலும் கேட்கிறேன்: ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாவது நீளமான கேபிளில் ஓடும் நிஜ மோட்டாரில் எடுத்த அளவீடாக இருக்கட்டும். வைவாவில் கெபாசிட்டரின் சூட்டையும் கேளுங்கள். மில்களில் அளவெடுக்க வழி வேண்டுமென்றால் கோவையிலேயே ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா இருக்கிறது, பேசிப் பாருங்கள். செத்த டிரைவ் போர்டுகள் எங்களைப் போன்ற சர்வீஸ் கடைகளில் மூட்டையாகக் கிடந்து எடைக்குப் போகின்றன. மாணவர்கள் வந்து கேட்டால் சும்மாவே தருவோம், எது எப்படிப் போனது என்ற விவரத்தோடு.

இப்படிக்கு,
ஒரு டிரைவ் சர்வீஸ்காரர், கோயம்புத்தூர்