அக்காவுக்கு, நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலின் பாலன் இயேசு சுரூபத்தைப் பற்றி

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் நாலு வாரம், தொடங்குகிறது. மெழுகுவர்த்தி வளையம் செய்யும் பொறுப்பு இந்த வருடம் என் வகுப்புக்கு. ஊதா மூன்றும் சுலபமாகக் கிடைத்தன. மூன்றாம் ஞாயிற்றுக்கான ரோஸ் நிறத்துக்குத் தஞ்சாவூர் வரை போக வேண்டியிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில்தான் இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே பிள்ளைகளின் படிப்புக்குப் போய்விடுகிறோம். ஏழு வருடமாக அப்படித்தான்.

பொதுவில் ஏன் எழுதுகிறாய் என்று கோபப்படுவாய். தனியாக மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். நாலு பேர் பார்க்கட்டும், அப்போதுதான் அழிக்க மாட்டேன். ஆனால் 2018 கிறிஸ்துமஸ் இரவு, வீட்டுக் குடிலில் பாலன் இல்லாததைப் பார்த்து நீ சொன்ன வார்த்தையும் நான் சொன்ன பதிலும் நம்மோடு இருக்கட்டும்.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. டிசம்பர் 2-இல் திருவருகைக் காலம் வந்துவிட்டது. பள்ளி ஸ்டோர் ரூமின் கூரை பறந்து, குடில் சுரூபங்கள் மழையில் ஊறிக் கிடந்தன. சூசையப்பருக்கு முகமே இல்லை. நம் வீட்டுச் சுரூபங்களை அதனால்தான் எடுத்துப் போனேன். உன்னிடம் கேட்கவில்லை.

பாலனைக் குடிலில் வைக்க வேண்டியது டிசம்பர் 24 இரவுதான். அன்று பள்ளியில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் என்பதால் லீவுக்கு முன்பே விழா வைத்து, பாலனையும் வைத்துவிடுவோம். அப்பாவுக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை. "பிறக்காத பிள்ளைக்குத் தாலாட்டா?" என்பார். அந்த வருடம் அதைச் சொல்ல அவர் இல்லை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வீடு போய், தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள். புத்தகப் பையும் போய்விட்டதால், நிவாரணத்தில் வந்த துண்டு ஒன்றில் புத்தகங்களைச் சுற்றிக் கொண்டுவருவாள். பாலனை அவள் கையில் கொடுத்து வைக்கச் சொன்னேன். அவள் வைக்கவில்லை, குனிந்து வைக்கோலைத் தொட்டுப் பார்த்தாள். "ஈரமா இருக்கு மிஸ், முதுகு நனையும்" என்றாள். ஊரில் காய்ந்த வைக்கோல் ஏது? புத்தகங்களைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டை உதறி, நாலாக மடித்துப் போட்டு, கையால் தடவிவிட்டு, அப்புறம்தான் பாலனைக் கிடத்தினாள். அவள் கிறிஸ்தவப் பிள்ளைகூட இல்லை.

விழா முடிந்ததும் எடுத்து வருவதாகத்தான் இருந்தேன். அந்தத் துண்டிலிருந்து தூக்கக் கை வரவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று வந்தேன், மறுநாள் பூட்டிவிட்டார்கள். உன்னிடம் சொன்னது இவ்வளவுதான். சொல்லாதது இது: சாவி யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அந்த வருடம் பாலன் அங்கே இருப்பதுதான் சரி என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் நீ இரவு பஸ்ஸில் பிள்ளைகளோடு வந்து இறங்கியபோது சொல்லியிருக்க வேண்டும். நள்ளிரவுத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கி மணி அடித்ததும் நீ அழுதாய். வீட்டுக் குடில் காலி என்பது தெரிந்தே பக்கத்தில் நின்றேன். அப்பாவின் இடத்தில் நின்று பாலனை வைக்க வேண்டியவள் மூத்தவள் நீ. வேளாங்கண்ணியிலிருந்து அது வந்ததும் உன் மடியில்தான். மன்னித்துவிடு அக்கா.

அதே சமயம் ஒன்று கேட்கிறேன். குடும்ப வழக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்றாயே, எது வழக்கம்? உனக்கு அது 24 இரவு மட்டும். எனக்குக் குடிலில் வைக்கும் முளைக்கு நெல் ஊறப்போடுவது, கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்புவது, அதிரச மாவுக்கு மில்லில் நிற்பது, நட்சத்திரத்துக்கு வயர் இழுப்பது எல்லாமே வழக்கம். ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல் அந்த டிசம்பர் முழுக்க அலைந்தேன். வீடு எப்படி இருக்கிறது என்று நீ கேட்டது ஒரே ஒரு தடவை. சரி, இதோடு விடுகிறேன். சித்தப்பா வீட்டிலும் வாசிப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நான்தான் வைத்தேன். ஒவ்வொரு முறையும் கை கூசியது. இந்த வருடம் வைக்க மாட்டேன். பாலன் பீரோவில், அப்பாவின் துண்டுக்குள் இருக்கிறார். நீ வந்து வை. நீ வராவிட்டால் குடில் மூன்று ராஜாக்கள் திருவிழா வரைக்கும் காலியாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. மூக்கில் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. பார்த்ததும் பள்ளியில் உடைத்துவிட்டார்கள் என்று நினைக்காதே. 2020-இல் என் கையிலிருந்துதான் விழுந்தது.

தங்கை