ஸ்டெல்லாவுக்கு, ஞாயிறு இரவு

அன்புள்ள ஸ்டெல்லா,

சேசுவுக்கே புகழ். நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, காரணமும் சொல்லப்போவதில்லை, நேரில் வரும்போது திட்டித் தீர்த்துக்கொள். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, சின்னவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, ராணி டீச்சர் உன் பால்கோவா கதையை இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன், இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

நம் பங்குக் கோயிலில் திருமணத் தயாரிப்பு வகுப்பு. கருவில் இருக்கும் உயிரைப் பற்றி 11 வருஷமாகச் சொல்வதைத்தான் இன்றும் சொன்னேன். வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழகியவன் வற்புறுத்தி, கருவைக் கலைக்க மாத்திரை போட்டிருக்கிறாள், அப்புறம் அவன் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் பூசையில் நன்மை வாங்குவதில்லை. எல்லாரும் அந்தத் திவ்விய அப்பத்துக்கு வரிசையில் எழும்போது, அண்ணி மடியிலிருந்து கைப்பிள்ளையை வாங்கிக்கொண்டு, அழுகிறான் என்று சொல்லி வெளியே போய்விடுவாளாம், பிள்ளை அழாத நாளிலும். "இதுக்கு மன்னிப்பு வாங்க பிஷப்கிட்டதான் போகணுமாமே அக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். முன்பு அப்படி இருந்தது உண்மை. 2016இல் போப் பிரான்சிஸ், இந்தப் பாவத்துக்கு எந்தக் குருவும் மன்னிப்பு வழங்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், நம் பங்குச் சாமியாரே போதும். அதைக் கேட்டு அவள் அழுததைப் பார்த்தபோது என்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. 11 வருஷத்தில் ஒரு வகுப்பிலாவது இதை நான் சொன்னேனா? கொலை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

நீ சண்டைக்கு வருவாய், தெரியும். மானாமதுரைப் பெண்ணை, யாரோ ஒருத்தி கையால் கலைக்கப்போய் உன் வார்டில் வந்து செத்தவளை, நான் மறக்கவில்லை. ஆனாலும் ஸ்டெல்லா, நம் அம்மாக்கள் காலத்தில் "கலைச்சுட்டாளாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், அதில் கொஞ்சம் வம்பு இருந்தாலும் ஒரு துக்கமும் இருந்தது. இப்போது "டேப்லெட் போட்டுட்டேன்" என்கிறார்கள், தலைவலிக்குப் போட்ட மாதிரி. கலைக்க அனுமதிக்கும் சட்டம் 1971இலிருந்து இருக்கிறது. 2021இல் சிலருக்கு 24 வாரம் வரை என்று நீட்டினார்கள், 2022இல் உச்ச நீதிமன்றம் கல்யாணமாகாத பெண்களுக்கும் அது உண்டு என்றது. அடுத்த வருஷம் அக்டோபரில் 26 வாரக் கரு வழக்கில் முதலில் அனுமதி கொடுத்து அப்புறம் மறுத்தார்களே, அன்று என் பள்ளியில் டீச்சர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் வாதாடினார்கள். பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் நம் அன்பியக் கூட்டத்தில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ஜெபமாலை சொன்னோம், சுண்டல் சாப்பிட்டோம், வந்துவிட்டோம்.

ஸ்கேன் சென்டர் வாசலில் ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று போர்டு இருக்கும் இல்லையா? அதைப் படித்து யாரும் முகம் சுளிப்பதில்லை. பெண் என்பதற்காக அழிக்கக்கூடாது என்றால் உள்ளே இருப்பது ஒரு பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? வேண்டிய பிள்ளை என்றால் மூன்றாம் மாதமே பெயர் தேடுகிறோம், வேண்டாம் என்றால் அதே மூன்றாம் மாதத்தில் அது வெறும் "கரு" ஆகிவிடுகிறது. இதை நான் கடைசிவரை ஏற்கமாட்டேன்.

ஆனால் பிள்ளையைக் காப்பாற்று என்று சொல்லும் நாம், கல்யாணமாகாமல் வயிற்றோடு ஒருத்தி கோயிலுக்கு வந்தால் எந்த பெஞ்சில் இடம் விடுவோம்? அந்தப் பெண் மாத்திரை போட்டது சட்டம் அனுமதித்ததால் இல்லை. அம்மாவுக்குத் தெரியக்கூடாது, பங்கில் தெரியக்கூடாது, அவ்வளவுதான். அவளுக்குப் பயம் கடவுளிடம் இல்லையடி, நம்மிடம். இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

அடுத்த வகுப்பு கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால இரண்டாம் ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும். நீ வர வேண்டும். முப்பது வருஷம் பிரசவ வார்டில் நின்றவள் நீ, என்னோடு ஒத்துப்போகாததையும் சேர்த்துப் பேசு, நான் குறுக்கே வரமாட்டேன். பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், அன்று வகுப்பு முடியும்வரை, பாவமன்னிப்புக் கேட்க வருகிறவர்களுக்காகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடு, மீன் குழம்பு வைக்கிறேன்.

உன்
மேரி