வந்ததா, வந்ததாமா?

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

எந்தச் செய்தியை நம்பலாம் என்று பார்க்கப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்த, எழுத்தில் இருந்தால்தான் உனக்கு உதவும். ஏழாம் வகுப்பு, 38 பிள்ளைகள், வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை, 40 நிமிடம், இணையம் உன் போனில் மட்டும். இந்த வசதிக்குள் நடக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாடத்துக்குப் 'பொய்ச் செய்தியைக் கண்டுபிடி' என்று பெயர் வைக்காதே. அப்படி வைத்தால் இரண்டாம் வாரத்திலேயே பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் 'பொய் மிஸ்!' என்று கத்தத் தொடங்குவார்கள். அப்படிச் சொன்னால் பாராட்டு கிடைக்கும் என்று பழகிவிடுவதுதான் காரணம். பன்னிரண்டு வயதில் எதையும் நம்பாத பிள்ளை, எதையும் நம்பும் பிள்ளையைப் போலவே ஏமாறும். தடுப்பூசி போட வரும் செவிலியர் சொல்வதும் அதற்குப் பொய்யாகிவிடும். எதை நம்பலாம் என்று கண்டுகொள்வதுதான் நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது.

ஆகவே சீட்டுக்கு ஒரு செய்தியாகப் பத்துத் துண்டுச்சீட்டு தயாரித்தால் ஆறு உண்மையாக இருக்கட்டும். அந்த ஆறில் குறைந்தது இரண்டு, கேட்டவுடன் நம்ப முடியாததாக இருக்க வேண்டும்: ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள், வெள்ளிக் கோள் சூரியனைச் சுற்றி வர ஆகும் காலத்தைவிடத் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆகும் காலம் அதிகம். பொய் நான்கில் ஒன்று, பொய்யாக இருக்கக்கூடாதே என்று மனசு ஏங்குகிற மாதிரி இருக்கட்டும். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாகப் பல ஆண்டுகளாகச் சுற்றும் செய்தி அதற்குப் பொருத்தம். அப்படி ஓர் அறிவிப்பு வந்ததே இல்லை. பிடிக்காத செய்தியைச் சந்தேகிக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை, பிடித்த செய்தியைச் சந்தேகிக்கத்தான் தேவை.

விடைத்தாளில் மூன்று கட்டம் போடு: நம்புகிறேன், நம்பவில்லை, பார்த்துச் சொல்கிறேன். மூன்றாவதைத் தேர்ந்து 'எங்கே பார்ப்பேன்' என்றும் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடு. அது இல்லாவிட்டால் இது வெறும் ஊகப் போட்டிதான்.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தின் பாதி பேச்சிலேயே இருக்கிறது. 'குளத்துல முதலை இருக்கு' என்பதற்கும் 'குளத்துல முதலை இருக்காம்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் உன் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். 'நான் பார்க்கவில்லை, இன்னொருவர் சொன்னார், பொறுப்பு என்னுடையதில்லை' என்று மூன்று சேதியை அந்த ஒரு 'ஆம்' சொல்லிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியைப் பார், முதலில் உதிர்வது இந்த 'ஆம்'தான். கடன் வாங்கிய பேச்சு சொந்தக் கண்ணால் கண்டதாக மாறுவது அந்த இடத்தில். வகுப்பை இதிலிருந்தே தொடங்கு. கரும்பலகையில் இரண்டு வாக்கியத்தையும் எழுதி, 'இரண்டாவதைச் சொன்னவரிடம் என்ன கேட்பீர்கள்?' என்று கேள். 'யார் சொன்னா?' என்று அவர்களே சொல்வார்கள். அந்தக் கேள்வியைப் பலகையின் மூலையில் எழுதி, ஆண்டு முழுவதும் அழிக்காமல் வைத்துக்கொள்.

அடுத்த வாரம் நாளிதழ். விபத்து, மழை, திருட்டு போன்ற உள்ளூர்ச் செய்தி ஒன்று, 120 முதல் 150 சொல்லுக்குள். அதைவிட நீண்டால் நேரம் போதாது. நான்கு பேர் கொண்ட எட்டுக் குழு, மூன்று பேர் கொண்ட இரண்டு குழு, ஆக பத்து நகல். செய்தியில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் வண்ணம் தீட்டட்டும். செய்தியாளர் தானே பார்த்ததோ ஆவணத்தில் உள்ளதோ பச்சை. பெயரோ பதவியோ உள்ள ஒருவர் சொன்னது நீலம். 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'பேசப்படுகிறது' என்று ஆளில்லாமல் வருவது சிவப்பு. உரக்க வாசிக்க 5 நிமிடம், வண்ணமிட 15, பக்கத்துக் குழுவோடு தாளை மாற்றிப் பார்க்க 10, பேச 10. சிவப்புச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: கூறப்படுகிறது, சரி, யாரால்?

இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். 'என்றார்' என்ற சொல்லைப் பார்த்ததுமே நீலம் தீட்டிவிட்டு, நீலம் என்றால் உண்மை என்று பிள்ளைகள் முடிவுகட்டுவார்கள். அப்போது 'அவருக்கு எப்படித் தெரியும்?' என்று கேள். லாரியின் எண்ணைச் சொல்லும் காவலர் பார்த்ததைச் சொல்கிறார். ஓட்டுநர் தூங்கியிருக்கலாம் என்று சொன்னால் அது அவருடைய ஊகம். ஆள் ஒருவரேதான், ஆனால் இரண்டு பேச்சுக்கும் எடை வேறு. இன்னொன்று, சிவப்பு என்றால் பொய் என்று நினைத்துவிடுவது. இன்னும் உறுதியாகவில்லை என்று நேர்மையாகச் சொல்லவும் செய்தியாளர் அந்தச் சொற்களைப் பயன்படுத்துவார். சிவப்பே இல்லாத விபத்துச் செய்தி வந்தால் அதைத்தான் இன்னொரு முறை படிக்கச் சொல்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உனக்குத் தானாக ஒரு பாடம் கிடைக்கும். 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற படம் வராத ஊர் இல்லை. பல சமயம் அது போன ஆண்டு தொலைக்காட்சித் திரையைப் பிடித்த படம்தான். பிள்ளைகளுக்கு இதைவிட அக்கறையான செய்தி வேறு எது? அச்சடித்துக் கொடுத்து நான்கைத் தேடச் சொல்: தேதி, மாவட்டம், அறிவித்தவர், பள்ளிக்கு மட்டுமா கல்லூரிக்கும் சேர்த்தா. தேதியோடு கிழமையும் இருந்தால் காலண்டரில் இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். மழை விடுமுறையைப் பொதுவாக அந்தந்த மாவட்ட ஆட்சியர் அறிவிப்பதால், மாவட்டத்தின் பெயரே இல்லாத படம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

படங்களுக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கு. கெட்டி அட்டையில், 15 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கைகளோடு, 'ட' வடிவத் துண்டுகளைக் குழுவுக்கு இரண்டாக வெட்டிக்கொள். இரண்டையும் எதிரெதிராக வைத்தால், பெரிதாகவும் சிறிதாகவும் ஆக்கக்கூடிய சட்டம் கிடைக்கும். நாளிதழில் கூட்டம் உள்ள ஒரு படத்தைக் கொடுத்து, சட்டத்தை வைத்து ஒரு பகுதியை மட்டும் காட்டித் தலைப்பு எழுதச் சொல். ஒரு குழு 'கண்ணீரில் மக்கள்' என்றும், அதே படத்துக்கு இன்னொரு குழு 'திருவிழாவில் மகிழ்ச்சி' என்றும் எழுதும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, சட்டம் மட்டும்தான் நகர்ந்தது. இதை அவர்கள் கையால் செய்து பார்ப்பது முக்கியம், நீ செய்து காட்டினால் பாதிதான் பதியும்.

அதன்பின் தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து எடுத்த இந்தியா என்று வருடம் தவறாமல் வரும் வண்ணப் படத்தைக் காட்டு. அது ஓர் இரவில் எடுத்த படமே இல்லை. அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பின் விஞ்ஞானி ஒருவர், பல ஆண்டுச் செயற்கைக்கோள் பதிவுகளை ஒன்றாக்கி 2003இல் உருவாக்கியது. 1992க்கு முன்பே தெரிந்த நகர வெளிச்சம் வெள்ளை. 1992, 1998, 2003 ஆண்டுகளில் புதிதாகத் தெரிந்தவை முறையே நீலம், பச்சை, சிவப்பு. ஊர்கள் வளர்ந்த கதையை அது சொல்கிறது. 2012 தீபாவளியின்போது நாசா உண்மையான இரவுப் படத்தை வெளியிட்டு, பண்டிகையின் கூடுதல் வெளிச்சம் விண்ணிலிருந்து தெரியாத அளவு சிறியது என்று விளக்கியது. இரண்டையும் அருகருகே வை. படம் உண்மை, தலைப்புதான் பொய் என்ற வகைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

செயற்கை நுண்ணறிவுப் படம் என்றால் விரலை எண்ணிப் பார் என்று சொல்லிக்கொடுக்காதே. கருவிகள் தேறிக்கொண்டே வருகின்றன, அந்த உத்தி உதவாமல் போகும். 'இந்தப் படம் முதலில் எங்கே வந்தது?' என்ற கேள்விக்கு வயதாகாது. 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயதும் 9 வயதும் உள்ள இரண்டு பெண் பிள்ளைகள், காகிதத்தில் வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் நிறுத்தி 'தேவதைகளை'ப் படம் எடுத்தார்கள். துப்பறியும் கதைகளுக்குப் பேர்போன ஆர்தர் கானன் டாயில்கூட நம்பினார். அவர்கள் உண்மையை ஒப்புக்கொண்டது 1983இல்தான். உன் பிள்ளைகளின் வயதுக்காரர்கள் செய்த வேலை என்பதால் வகுப்பு மூச்சுவிடாமல் கேட்கும்.

விளம்பரத்துக்கு பிஸ்கட் உறை போதும். கழுவிக் காயவைத்த உறை குழுவுக்கு ஒன்று. முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் மூன்று சொல், பின்பக்கப் பொருள்பட்டியலில் முதல் மூன்று சொல், இரண்டையும் நோட்டில் எதிரெதிரே எழுதட்டும். பட்டியலில் அதிக எடையுள்ள பொருள்தான் முதலில் வர வேண்டும் என்பது விதி. படத்தில் பாதாம் கொட்டும், பட்டியலில் அது கடைசியில் இருக்கும். உறையில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம் என்பதால், கோதுமை மாவு, சர்க்கரை, பாமாயில் போன்ற ஏழெட்டுச் சொல்லுக்குத் தமிழைப் பலகையில் முன்பே எழுதிவிடு. 'இதைச் சாப்பிடாதே' என்று மட்டும் சொல்லிவிடாதே, வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கக்கூடும். செய்தி போலவே அச்சிட்ட விளம்பரத்தையும் ஒரு நாள் காட்டு. 2016இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், 'விளம்பரதாரர் பகுதி' என்று குறித்திருந்தும் அதைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பல்கலைக்கழகக் குழு கண்ட இன்னொன்றும் உனக்கு வேண்டியது. தேர்ந்த செய்திச் சரிபார்ப்பாளர்கள் சந்தேகமான பக்கத்தை உற்று உற்றுப் படிப்பதில்லை. சீக்கிரமே அதைவிட்டு வெளியேறி, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இணையம் இல்லாமல் இதைக் கற்றுக்கொடுக்கக் கடித உறைகள் போதும். 'மூன்றே மாதத்தில் நான்கு அங்குல உயரம்' என்று ஒரு பொடிக்கு நீயே நோட்டீஸ் எழுது, இந்த வயதுக்கு உயரம் பெரிய கவலை. நான்கு ஒட்டிய உறைகள்: பொடி விற்பவரே அச்சிட்ட வாடிக்கையாளர் கடிதங்கள், விற்பவரின் பெருமைக் குறிப்பு, எலும்பு எப்படி வளர்கிறது என்ற அறிவியல் விளக்கம், உயரம் கூட்டும் மருந்து விளம்பரத்துக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை உண்டு என்ற குறிப்பு. உறையின் மேல் எழுதியது யார் என்று மட்டும் இருக்கட்டும். குழு இரண்டைத்தான் பிரிக்கலாம். பலர் முதலில் கடிதங்களைப் பிரிப்பார்கள், சுவாரசியமாக இருக்குமே! நோட்டீஸை எழுதிய கைதான் அதையும் எழுதியது என்று பிறகு உறைக்கும். முடிந்ததும் எல்லாம் நீ எழுதியது என்று சொல்லி, தாள்களை எண்ணி வாங்கிவிடு. ஒன்று வீட்டுக்குப் போனாலும் அது உண்மை நோட்டீஸாகச் சுற்றத் தொடங்கும்.

கட்சி, சாதி, மதம் தொட்ட செய்திகளை முதல் ஆறு மாதம் எடுக்காதே. பயந்து சொல்லவில்லை. அப்படிப்பட்ட செய்தியில் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டுத் தன் வீட்டைக் காப்பாற்றத் தொடங்கும். குழந்தை கடத்தல் காணொளிகளையும் காட்டாதே. 2018இல் சுற்றிய அப்படி ஒரு காணொளி, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவிப்பு காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள். அந்த வதந்திகளால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள், நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியும். அந்தப் பாடத்தை அச்சமூட்டாமல் கற்றுக்கொடுக்கலாம்: ஆறு கட்டச் சித்திரக்கதையில் கடைசிக் கட்டத்தை வெட்டிவிட்டுக் கொடு, கதையைச் சொல்லட்டும், பிறகு அந்தக் கட்டத்தைக் கொடு.

வீட்டில் பெரியவர்களைத் திருத்தப் பிள்ளைகளை அனுப்பிவிடாதே. குடும்ப குரூப்பில் 'பெரியப்பா, இது பொய்' என்று எழுதும் பிள்ளைக்கு அடிதான் கிடைக்கும், பெரியப்பாவும் மாறமாட்டார். தனியாகப் போய் 'பெரியப்பா, இது உங்களுக்கு யார் அனுப்பினாங்க?' என்று கேட்கப் பழக்கு. அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

முதல் வாரத்துக்குப் பலகையும் சாக்பீஸும் போதும். இரண்டாம் வாரத்துக்குப் பத்து நகல் எடுத்துவை. வண்ணப் பென்சில் எல்லாரிடமும் இருக்காது, வாங்கி வரச் சொல்லாதே. பச்சைக்கு நேர்கோடு, நீலத்துக்கு அலைக்கோடு, சிவப்புக்குப் புள்ளிக்கோடு என்று வைத்துக்கொண்டால் ஒரே பென்சிலில் முடிந்துவிடும்.

அன்புடன்,
அம்மா