கடைசி மூன்று மாதம் என்ன தின்றது?

சிங்கப்பூரில் மாட்டிறைச்சி இறக்குமதி செய்பவர்களுக்கும், தேக்காவிலும் கேலாங் செராயிலும் கடை வைத்திருக்கும் பாய்மார்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போன மாதம் ஒரு கடையில் 'புல் மேய்ந்த மாடு' என்று ஒட்டியிருந்த நெஞ்சுக்கறி ஒரு கிலோ வாங்கினேன். விலை கூடத்தான். "பாய், இது கடைசிவரைக்கும் புல்லா, இல்ல கடைசியில தானியம் கொடுத்ததா?" என்று கேட்டேன். அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புல்லுன்னுதான் போட்டிருக்கு அண்ணே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதில் அவ்வளவுதான் இருந்தது.

தானியம் தின்று கொழுத்த மாடும் கன்றாக இருந்தபோது புல்தான் மேய்ந்தது. வித்தியாசமெல்லாம் கடைசியில், அறுப்பதற்கு முன் மாட்டைக் கொழுக்க வைத்துத் தேற்றும்போதுதான். ஆஸ்திரேலியாவில் ஒரு மாட்டைத் தானியத்தில் வளர்ந்தது என்று முத்திரை குத்த, வழக்கமான தரத்துக்கு 100 நாளாவது தானியம் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையோ, 'புல் மேய்ந்தது' என்பதற்கு வைத்திருந்த விற்பனைத் தரத்தை 2016 ஜனவரியில் கைவிட்டுவிட்டது. ஆக, அந்த ஒரு வார்த்தையை மட்டும் நம்பிக் காசு கொடுக்க முடியாது.

நியூசிலாந்தில் வைக்காட்டோ பக்கம் என் மச்சானுக்கு ஒரு சின்னப் பண்ணை இருக்கிறது. இருபது மாடு தேறும். ஒரு நவம்பரில் இரண்டு வாரம் அங்கே இருந்தேன். காலையில் அவன் மின்வேலிக் கம்பியை நகர்த்தி அன்றைக்கான புல்லைத் திறந்துவிடுவான். மாடுகளுக்கு நேரம் தெரியும். ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே கம்பியோரம் வந்து நிற்கும். புல்லை ஒட்ட மேயவிட மாட்டான். நாலு விரல்கடை மிச்சம் இருக்கும்போதே அடுத்த துண்டுக்கு ஓட்டிவிடுவான், இல்லாவிட்டால் புல் திரும்பத் துளிர்க்க நாளாகுமாம். சாணியைக்கூட விடாமல் பார்ப்பான். அடுக்கடுக்காகக் கெட்டியாக விழுந்தால் புல் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

மாடு தேறிவிட்டதா என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. கொட்டடியில் அடைத்து, கடைசி விலாவிலும் வாலின் அடியிலும் கை வைத்து அழுத்திப் பார்த்தான். என் கையையும் பிடித்து அங்கே வைத்தான். ஒரு காளைக்கு எலும்பு குத்தியது. இன்னொன்றுக்கு மெத்தென்று இருந்தது. முதலாவதற்கு இன்னும் ஆறு வாரம் என்றான். வெறும் புல்லில் இப்படித் தேற்ற 24 முதல் 30 மாதம்வரை ஆகிவிடும். கடைசி மாதங்களில் நாளுக்கு ஒரு கிலோவாவது எடை ஏற வேண்டும். நடுவில் புல் காய்ந்து மாடு மெலிந்தால் போச்சு, வயது ஏறும், கறியும் முறுகிப்போகும்.

இன்னொன்று, கொழுப்பின் நிறம். புல்லில் தேறிய மாட்டின் கொழுப்பு பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். புல்லில் உள்ள பீட்டா கரோட்டின்தான் காரணம். நம் ஆட்கள் அதைப் பழைய கறி என்று நினைத்து ஒதுக்குகிறார்கள், நீங்களும் சீவி எறிந்துவிடுகிறீர்கள். தயவுசெய்து சீவாதீர்கள். கேட்பவருக்கு விஷயத்தைச் சொல்லுங்கள். கொழுப்பு குறைந்த கறி சீக்கிரம் வெந்து வறண்டுவிடும், தணலைக் குறைத்து வையுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னால் வீட்டில் யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

தேக்கா சந்தையை ஒட்டிய தெருவுக்கே பஃபலோ ரோடு என்றுதான் பெயர். இந்த இடத்தின் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். மாட்டு வியாபாரத்தால் வளர்ந்த பேட்டை இது. அந்தக் காலத்தில் வாங்குகிறவன் மாட்டின் விலாவில் கை வைத்துப் பார்த்திருப்பான். இன்று மாடு கடல் கடந்து பொட்டலமாக வருகிறது. எனக்குக் கை வைக்க அதில் ஒட்டிய அட்டைதான் இருக்கிறது.

அதனால் இறக்குமதியாளர்களிடம் கேட்பது இரண்டே வரி: கடைசி மூன்று மாதம் மாடு என்ன தின்றது, அறுக்கும்போது அதன் வயது எத்தனை மாதம். பண்ணையில் எழுதி வைத்திருப்பார்கள், கேட்டால் கிடைக்கும். நான் வாங்கிய பொட்டலத்தில் ஹலால் முத்திரைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் சும்மாதான் கிடந்தது.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஞாயிறுதோறும் தேக்கா வரும் வாடிக்கையாளன்